ஸ்பிரேயர் முதல் மண் ஈரப்பத சென்சார் வரை: லித்தியம் பேட்டரியை ஒட்ட இறங்க விடாமல் காப்பது எப்படி?

பேட்டரி தெளிப்பான் வாங்கப் போனால் கடையில் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான் பேசப்படும். டேங்க் எத்தனை லிட்டர், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை டேங்க் அடிக்கலாம். பேட்டரியை எந்த அளவுக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சம்பாவுக்கு மருந்து அடித்து முடித்து கொட்டகையில் மாட்டி வைத்த தெளிப்பானை நான்கு மாதம் கழித்து எடுத்து சார்ஜரில் போடுவோம். விளக்கே எரியாது. பேட்டரி டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயங்களில் பேட்டரி நல்லதாகத்தான் இருந்திருக்கும். கடைசியாக மருந்து அடித்த நாளன்று அதை ஒட்ட உறிஞ்சி, அப்படியே சார்ஜ் போடாமல் வைத்ததுதான் காரணமாக இருக்கும்.

இன்று தோட்டத்தில் லித்தியம் பேட்டரி இல்லாத இடமே இல்லை. தெளிப்பான், இரவு நீர் பாய்ச்சப் போகும்போது மாட்டும் ஹெட்லைட், சோலார் விளக்குப்பொறி, சில மின்வேலிக் கருவிகள் எல்லாவற்றிலும் அதுதான். இதற்கு மேல், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் செய்து வயலில் நட்டு வைக்கும் மண் ஈரப்பத சென்சார், மோட்டாரை செல்போனில் இயக்கும் கருவி போன்றவையும் இப்போது நிறைய வந்துவிட்டன. வாங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கும், சொந்தமாகச் செய்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

எத்தனை வோல்ட் வரை இறங்கலாம்?

முதலில் உங்கள் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வோல்ட் கணக்கே அதைச் சொல்லிவிடும். லித்தியத்தில் நம் கைக்கு அதிகம் வருபவை இரண்டு வகை.

ஒன்று சாதாரண லித்தியம் அயான். ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6. இரண்டாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், முழு சார்ஜ் போடும்போது 3.65. நான்கு செல் சேர்ந்தால் 12.8 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 14.6 வரை போகும். ஆக 11.1 என்று எழுதியிருந்தால் முதல் வகை, 12.8 என்று இருந்தால் இரண்டாவது வகை. வெறும் 12 வோல்ட் என்று மட்டும் இருந்து, தூக்கிப் பார்த்தால் நல்ல கனமாகவும் இருந்தால் அது பழைய ஈய அமில பேட்டரியாகத்தான் இருக்கும்.

லித்தியம் அயான் செல்லை 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. தயாரிப்பாளர் விவரத் தாளில் 2.5 அல்லது 2.75 வரை போகலாம் என்று இருக்கலாம். அது ஆய்வகத்தில் செல்லின் முழுக் கொள்ளளவை அளப்பதற்கான எல்லை. தினமும் அதுவரை உறிஞ்சுங்கள் என்று பொருள் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அந்தக் கோடு 2.5 வோல்ட். அதையும் 2.8-லேயே நிறுத்திவிடுவது நல்லது.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். லித்தியம் அயான் செல்லில் சும்மா இருக்கும்போது 3.5 வோல்ட் காட்டினாலே உள்ளே மிச்சம் கொஞ்சம்தான். 3.3-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. அதற்குக் கீழே இறக்கி நீங்கள் கூடுதலாகப் பெறப்போவது மொத்தத்தில் ஒரு சில சதவீதம், தெளிப்பான் கணக்கில் கால் டேங்க் வந்தாலே அதிகம். அந்தக் கால் டேங்குக்காகப் பேட்டரியின் ஆயுளைப் பணயம் வைக்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன?

பழைய ஈய அமில பேட்டரியும் ஒட்ட இறங்கினால் கெடும். தகட்டில் சல்பேட் படியும், கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். ஆனால் அது மெல்ல நடக்கிற கெடுதல். லித்தியத்தில் விவகாரம் வேறு.

லித்தியம் செல்லுக்குள் மெல்லிய தாமிரத் தகடு ஒன்றும் அலுமினியத் தகடு ஒன்றும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தாமிரத்தின் மேல் கிராஃபைட் பூச்சு. செல் மிகவும் கீழே இறங்கும்போது அந்தத் தாமிரமே கரைந்து, உள்ளே இருக்கும் திரவத்தில் கலக்கத் தொடங்குகிறது. கிராஃபைட்டின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலமும் சிதைகிறது. வாயு உண்டாகி செல் உப்பலாம். இந்த நிலையில் வெளியே ஒன்றும் தெரியாது. பிரச்சினை அடுத்த முறை சார்ஜ் போடும்போது வருகிறது. கரைந்த தாமிரம் திரும்பவும் தகட்டில் படியும்போது முன்பு இருந்த இடத்திலேயே ஒழுங்காகப் படிவதில்லை. முள் முள்ளாக வளர்கிறது. அந்த முள் நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்து அடுத்த தகட்டைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சூடேறும். மோசமான நிலையில் தீப்பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கெடுவது இறங்கும்போது, ஆபத்து வருவது ஏற்றும்போது. நாம் சார்ஜ் போடுவது எங்கே? வீட்டுக்குள், வைக்கோல் போர் பக்கத்துக் கொட்டகையில், மாட்டுத் தொழுவத்து சுவிட்சில். அதனால்தான் இதைப் பேட்டரிச் செலவு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்க முடியாது.

பேட்டரி அளவு காட்டும் விளக்கை நம்பலாமா?

ஈய அமில பேட்டரி போட்ட தெளிப்பானில், சார்ஜ் குறையக் குறைய பம்பின் சத்தம் மாறும், நாசிலில் புகைபோல் வந்த மருந்து சொட்டுச் சொட்டாகும். நமக்கே தெரிந்துவிடும். லித்தியம் அப்படி இல்லை. கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடி, சட்டென்று விழும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இது இன்னும் அதிகம். பாதிக்கு மேல் தீர்ந்த பிறகும் வோல்ட்மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். ஈய அமிலத்துக்காக வடிவமைத்த நான்கு எல்இடி காட்டியை லித்தியம் பேக்கோடு இணைத்தால், மூன்று விளக்கு எரிகிறது என்று நம்பி வயலுக்குள் இறங்கி, பாதி வரப்பு போவதற்குள் நின்றுவிடும்.

இன்னொன்று, பம்ப் ஓடும்போது காட்டும் வோல்டேஜும் நிறுத்திய பிறகு காட்டும் வோல்டேஜும் ஒன்றல்ல. நிறுத்தியதும் வோல்டேஜ் மேலே ஏறும். பேட்டரி "ரெஸ்ட்" எடுத்துத் தேறிவிட்டது என்று நினைத்து மறுபடி சுவிட்ச் போடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. ஒரு நிமிடம் ஓடும், நிற்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டால் அரை நிமிடம். டேங்கில் கலந்த மருந்தை நாளைக்கு வைக்க முடியாதே என்பதால் அப்படிச் செய்கிறோம், காரணம் நியாயமானதுதான். ஆனால் பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. பேட்டரியிலும் கையாலும் இயங்கக்கூடிய இருவழித் தெளிப்பானாக இருந்தால் மிச்சத்தைக் கைவிசையால் அடித்து முடியுங்கள். அதிகப் பரப்பு உள்ளவர்கள் இரண்டாவதாக ஒரு பேக் வாங்கி வைத்துக்கொள்வது செலவு போலத் தெரிந்தாலும், இரண்டுமே பாதி பாதி வேலை செய்வதால் இரண்டும் நீண்ட நாள் வரும்.

பிஎம்எஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், ஓரளவுக்கு. தரமான லித்தியம் பேக்கில் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டு உள்ளேயே இருக்கும். அதன் வேலை கிணற்றுக் கைப்பிடிச் சுவர் போன்றது. விழாமல் தடுக்கும் என்பதற்காகத் தினமும் அதன்மேல் ஏறி நடக்க மாட்டோம் இல்லையா?

ஒற்றை செல்லுக்கு அதிகம் பயன்படும் டிடபிள்யூ01ஏ என்ற பாதுகாப்புச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய சார்ஜர் போர்டுகளில் இதுதான் இருக்கும். இது பேட்டரியைத் துண்டிப்பது 2.4 வோல்ட்டில். நாம் 3.0 என்று கோடு போட்டோம், இது அதற்கும் வெகு கீழே. அன்றாடம் இந்தச் சிப் துண்டிக்கும் வரை ஓட்டுகிறவர் பேட்டரியை ஒவ்வொரு நாளும் கெடுக்கிறார்.

பல செல் உள்ள பேக்கில் வேறொரு சிக்கல். மூன்று செல்லும் ஒரே வயதில், ஒரே பலத்தில் இருப்பதில்லை. மொத்தமாக அளந்தால் 9.5 வோல்ட் காட்டலாம். சரிதானே, ஒவ்வொன்றும் 3.1-க்கு மேல் இருக்கிறது என்று தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டு செல் 3.6-லும் ஒன்று 2.3-லும் இருக்கலாம். மூன்று மாடு பூட்டிய வண்டியில் நோஞ்சான் மாடு எது என்று வண்டியின் வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் கம்பி போய் அளக்கிற பிஎம்எஸ் மட்டும்தான் இதைக் கண்டுபிடிக்கும். விலை குறைந்த பேக்குகளில் அந்தக் கம்பிகளே இருக்காது. பேக் வாங்கும்போது "செல் வாரியாகக் கட் ஆகுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்கிறவர் விழித்தால் யோசித்து வாங்குங்கள்.

பழைய தெளிப்பானில் லித்தியம் மாற்றுகிறவர்களுக்கு

கனம் குறையும் என்பதற்காக ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடுவது இப்போது பரவலாக நடக்கிறது. நல்ல மாற்றம்தான், தோளுக்குச் சுகம். ஆனால் சார்ஜரை மாற்றாமல் விடுவது பெரிய தவறு. ஈய அமில சார்ஜர் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை கொடுக்கும். 12.6-ல் நிறைந்துவிடுகிற 11.1 வோல்ட் பேக்குக்கு அது அதிகம். பிஎம்எஸ் துண்டித்தால் தப்பித்தோம், இல்லையென்றால் இல்லை. அந்தப் பேக்குக்கு என்றே உள்ள 12.6 வோல்ட் சார்ஜரைச் சேர்த்து வாங்குங்கள்.

இறங்கும் பக்கத்துக்கு, வோல்டேஜ் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் சிறிய கட்-ஆஃப் போர்டுகள் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. துண்டிக்கும் அளவு, மறுபடி இணைக்கும் அளவு இரண்டையும் நாமே வைக்கலாம். 11.1 வோல்ட் பேக்குக்கு 9.9-ல் துண்டித்து 11.4-க்கு மேல் போனால்தான் இணையும்படி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி எதற்கு என்றால், மேலே சொன்னதுபோல் பம்ப் நின்றதும் வோல்டேஜ் ஏறும். 9.9-ல் துண்டித்து 10.0-ல் இணைத்தால் ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரியும் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் போர்டைப் பம்புக்குப் பக்கத்தில் வைக்காமல், மருந்து கசிவு படாத இடத்தில் மூடி வையுங்கள். பேட்டரியின் பிளஸ் கம்பியில் ஃபியூஸ் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

சென்சார் செய்கிறவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம்

மண் ஈரப்பதம் பார்க்கும் கருவி செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டு, ஒரு 18650 செல், டிபி4056 சார்ஜர் போர்டு என்று ஆரம்பிப்பார்கள். (18650 என்பது 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம் என்பதைக் குறிக்கிறது, வேறொன்றுமில்லை.) மேசையில் நன்றாக வேலை செய்யும். வயலில் நட்டு இரண்டு வாரத்தில் செத்துவிடும். ஏன்?

வைஃபை ஓடும்போது இந்தச் சிப் சராசரியாக 70, 80 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2000 மில்லி ஆம்பியர் ஹவர் செல் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை விழித்து அளந்துவிட்டு மற்ற நேரம் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்படி புரோகிராம் எழுதுவார்கள். தூக்கத்தில் சிப் எடுப்பது வெறும் 20 மைக்ரோ ஆம்பியர்தான். இந்தக் கணக்கில் வருடக்கணக்கில் வரவேண்டும். ஆனால் சிப்தான் தூங்குகிறது, போர்டு தூங்குவதில்லை. இந்தப் போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். 2000-ஐ 5-ஆல் வகுத்தால் 400 மணி நேரம், அதாவது 17 நாள். சென்சார் எதையும் அளக்காவிட்டாலும் 17 நாளில் செல் காலி. அதோடு எரிந்துகொண்டே இருக்கும் சின்ன எல்இடி, யுஎஸ்பி சிப் எல்லாம் பங்கு கேட்கும். வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுவது மாதிரிதான் இது.

தீர்வு, ஓய்வில் சில மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுக்கும் ரெகுலேட்டருக்கு மாறுவது. எம்சிபி1700 என்பது 1.6 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அது கொடுக்கக்கூடியது 250 மில்லி ஆம்பியர் வரைதான். வைஃபை இல்லாத கருவிக்கு அது போதும். வைஃபை சிப்புக்கு அதைவிடப் பெரியதாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் பெரிய கெபாசிட்டர் ஒன்றும் வைக்க வேண்டும். ஈரப்பத சென்சாருக்கும் நேரடியாக பிளஸ் கொடுக்காமல், அளக்கும் சில நொடிகள் மட்டும் சிப்பின் ஒரு பின்னிலிருந்து மின்சாரம் கொடுங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. செல் குறைந்த நிலையில் சிப் விழித்து வைஃபையைத் திறக்கும். திடீர் இழுப்பில் வோல்டேஜ் தடாலென்று விழும். சிப் ரீசெட் ஆகும். மறுபடி விழிக்கும், மறுபடி வைஃபை, மறுபடி விழும். தூங்கவே தூங்காமல் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் முழுக்க ஓடினால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் இறங்கும். கடைசி நாளில் செல்லை ஒட்ட உறிஞ்சுவது பெரும்பாலும் இந்தச் சுற்றுதான். புரோகிராமின் முதல் வேலையாக, வைஃபையைத் திறப்பதற்கு முன்பே பேட்டரி வோல்டேஜை அளக்க வேண்டும். 3.4-க்குக் கீழே இருந்தால் எதையும் அனுப்பாமல் நீண்ட தூக்கத்துக்குப் போய்விட வேண்டும். 3.7-க்கு மேல் ஏறிய பிறகே பழைய வேலையைத் தொடங்க வேண்டும்.

வோல்டேஜை அளப்பது கடினமில்லை. நோட்எம்சியு போர்டின் ஏ0 பின்னுக்குள் ஏற்கெனவே 220 கிலோ ஓம், 100 கிலோ ஓம் இரண்டும் இருக்கும். பேட்டரி பிளஸுக்கும் ஏ0-வுக்கும் நடுவே வெளியில் ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும். பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும்போது சிப்புக்கு 1 வோல்ட் போகும், புரோகிராமில் 1023 என்று வரும். 3.4 வோல்ட் என்பது சுமார் 828. ரெசிஸ்டர்கள் முன்னே பின்னே இருக்கும் என்பதால் ஒரு தடவை மல்டிமீட்டரில் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வழியில் பேட்டரியிலிருந்து எப்போதும் 10 மைக்ரோ ஆம்பியர் கசியும், அது பரவாயில்லை.

இவ்வளவு செய்தாலும், தூங்குகிற சிப்பும் கொஞ்சம் குடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கருவியை வயலில் வைத்துவிட்டு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாவிட்டால், புரோகிராமால் மட்டும் காப்பாற்ற முடியாது. அதனால் பாதுகாப்புச் சிப் உள்ள டிபி4056 போர்டையே வாங்குங்கள். கடையில் இரண்டு வகை இருக்கும். பேட்டரிக்கு மட்டும் இரண்டு முனை உள்ளது பாதுகாப்பு இல்லாதது. பேட்டரிக்கு இரண்டு, வெளியீட்டுக்குத் தனியாக இரண்டு என்று நான்கு முனை உள்ளதில்தான் பொதுவாகப் பாதுகாப்பு இருக்கும். விலை வித்தியாசம் அற்பம். சர்க்யூட்டை வெளியீட்டு முனையில்தான் இணைக்க வேண்டும். நேராகப் பேட்டரி முனையிலேயே இணைத்துவிட்டால் பாதுகாப்பு இருந்தும் இல்லாததுதான்.

சோலார் இருந்தால் கவலை இல்லையா?

கோடையில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நான்கு நாள் வெயில் தலைகாட்டாமல் போவது நமக்குப் புதிதில்லை. அந்த நாட்களில்தான் சோலார் கருவிகளின் பேட்டரி செத்துப்போகிறது.

ஒரு விளக்குப்பொறியைக் கணக்குப் பார்ப்போம். 3 வாட் விளக்கு, மாலை 6 முதல் 10 மணி வரை 4 மணி நேரம். ஓர் இரவுக்கு 12 வாட் ஹவர். உள்ளே 2000 மில்லி ஆம்பியர் ஹவர் செல் இரண்டு இருந்தால் மொத்தம் 14.8 வாட் ஹவர்தான். ஒரே இரவில் ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்துவிடும். மறுநாள் மேகமாக இருந்தால் இரண்டாம் இரவு பாதியில் அணையும். மூன்று இரவு வெயில் இல்லாமல் தாங்க வேண்டுமென்றால் அதே செல் ஆறாவது வேண்டும். செலவு செய்ய விருப்பமில்லை என்றால் மழை நாட்களில் விளக்கு எரியும் நேரத்தை இரண்டு மணியாகக் குறையுங்கள். 10 மணிக்குப் பிறகு எரியவிடுவதே எப்போதும் வேண்டாம், நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து விழும் என்பதால் வேளாண் பரிந்துரையும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் பேட்டரிக்கு நல்லதும் பயிருக்கு நல்லதும் ஒன்றாக இருக்கிறது.

சொந்தமாகச் செய்த சோலார் கருவியில், இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்க டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால் அது உள்ளேயே இருக்கும்.

சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது

முழுதாக இறக்கியும் வைக்கக்கூடாது, முழுதாக ஏற்றியும் வைக்கக்கூடாது. பாதி சார்ஜ், அதாவது லித்தியம் அயான் செல்லுக்கு 3.7 முதல் 3.8 வோல்ட், 11.1 பேக்குக்கு 11.1 முதல் 11.4 வரை இருக்கும்படி வையுங்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால், முழு சார்ஜ் போட்டு அடிக்கும் டேங்குகளில் பாதி அடித்து நிறுத்தினால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

காலியான பேக்கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 3.0 வோல்ட்டுக்கு வந்த செல்லில் 50 மில்லி ஆம்பியர் ஹவர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பிஎம்எஸ் போர்டே 30 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் 1,666 மணி நேரத்தில், அதாவது 70 நாளுக்குள் அதுவும் தீர்ந்துவிடும். செல் தானாக இழப்பது தனி. சம்பாவுக்கும் அடுத்த ஆடிக்கும் இடையில் நம் தெளிப்பான்கள் அதைவிட அதிக நாள் கொட்டகையில் தொங்குகின்றன. பேக்கைக் கழற்ற முடியுமானால் கழற்றியே வையுங்கள். தகரக் கூரை கொட்டகை வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே இருக்கும் சூடு பேட்டரியைத் தனியாகக் கெடுக்கும். வீட்டுக்குள் நிழலான இடத்தில், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாமல் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். காலண்டரில் அமாவாசை குறிப்பதுபோல் இதையும் ஒரு வட்டம் போட்டு வைத்தால் மறக்காது.

செத்த பேட்டரியை எழுப்பலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு செல்லுக்கு 2.5 முதல் 3.0 வரை இருந்தால் தாராளமாக சார்ஜ் போடலாம். நல்ல சார்ஜர் தானாகவே முதலில் மெல்ல ஏற்றும். டிபி4056-கூட 2.9 வோல்ட் வரும்வரை பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஏற்றும். 2.0-க்கும் 2.5-க்கும் இடையே என்றால், இறங்கி சில நாள்தான் ஆகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், திறந்த வெளியில், சிமென்ட் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். கை வைத்தால் சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்றி முடித்து ஒரு வாரம் சும்மா வைத்து வோல்டேஜ் தானாக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

2.0-க்குக் கீழே போய், எப்போது போனது என்றும் தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். உப்பியிருந்தால், இனிப்பான ரசாயன வாசனை வந்தால், எந்த வோல்டேஜ் காட்டினாலும் விட்டுவிடுங்கள். டிராக்டர் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி இழுத்து ஒரு நொடி தொட்டால் உயிர் வந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பிஎம்எஸ் துண்டித்து வைத்தது காரணமாகத்தான். அந்தப் பாதுகாப்பை ஏமாற்றித் திறப்பதுதான் அந்த வித்தை. முன்பு சொன்ன தாமிர முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். பேக்கில் கெட்ட ஒரு செல்லை மட்டும் மாற்றி, பழைய இரண்டோடு புது செல்லைச் சேர்ப்பதும் வேண்டாம்.

தீப்பிடித்துவிட்டால் ஆட்களையும் மாடுகளையும் வெளியேற்றுவது முதல் வேலை, முடிந்தால் மெயினை நிறுத்துங்கள். புகையை சுவாசிக்கக்கூடாது. எட்ட இருந்து நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அணைந்தது போலிருந்து மறுபடி பற்றும். 101-க்கு அழைத்து லித்தியம் பேட்டரி என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள், லித்தியம் செல்லுக்கு நம் நாட்டில் அது கட்டாயம். 18650 செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சடித்து விற்பார்கள். அந்த அளவு செல்லில் அவ்வளவு அடங்கவே அடங்காது, நல்ல கம்பெனி செல்லே பொதுவாக 3,500 அளவில்தான் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே பாதி தெரியும், நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும், போலி வெகுவாகக் குறையும்.

கெட்டுப்போனதைக் குப்பையோடு எரிப்பதோ, பாழுங்கிணற்றில் போடுவதோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புது பேக் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எடுத்துப் போகும்போது இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஸ்பேனர், ஆணி கிடக்கிற பையில் போடாமல் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.